சனிக்கிழமை மீட்டிங்

"ஷ்ஷ்! யாரும் சத்தம் போடக்கூடாது! அம்மா மீட்டிங்ல இருக்கா!"

கணவர் போட்ட இந்தச் சத்தத்தில்தான் அவளுக்குத் தூக்கம் கலைந்தது.

அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. மனிதர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். காலையிலிருந்து "பிரேக்! பிரேக்! ஐயோ, அது ஆக்ஸிலரேட்டர்!" என்று கத்திக் கத்திப் பழகிய தொண்டை. அவர் ரகசியம் பேசினால் பக்கத்து வீட்டிலிருந்து பதில் வரும்.

அவள் கண்ணைத் திறக்காமலே போர்வையை இழுத்துத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டாள். இன்னும் ஒரு கால் மணி நேரம். கடவுளே, ஒரே ஒரு கால் மணி நேரம்!

மீட்டிங்காவது ஒன்றாவது! சனிக்கிழமை மத்தியானம் அவளுடைய ஆபீஸில் ஈ, காக்கை கூட இருக்காது. மருந்துக் கம்பெனி ஒன்றில் அவளுக்கு லேபிள் சரிபார்க்கிற வேலை. பாட்டிலில் ஒட்டப்போகும் ஒவ்வொரு எழுத்தும் அவள் கண்ணைத் தாண்டித்தான் போக வேண்டும். போன மாதம் ஓர் இருமல் மருந்தில் டீஸ்பூன் என்று இருக்க வேண்டிய இடத்தில் டேபிள்ஸ்பூன் என்று இருந்தது. 'சரி' என்று முத்திரை குத்தப் போன கை, நல்ல வேளை, நடுவில் நின்றது. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்கியிருக்கிறாள். யார் வீட்டுப் பிள்ளை அதைக் குடித்திருக்குமோ!

தூங்காமல் வேறென்ன செய்வாள்? விடிவதற்கு முன்னால் எழுந்து சமைத்து, ஒற்றைக் காலுறையின் ஜோடியைத் தேடி, சின்னவளைப் பல் தேய்க்க வைத்து, பெரியவளின் ஜாமெட்ரி பாக்ஸை ஃபிரிட்ஜுக்குள் கண்டுபிடித்து, பஸ்ஸைப் பிடித்து, லேபிள் பார்த்து, திரும்பி வந்து மறுபடியும் சமைத்து, துணியை மிஷினில் போட்டு, போட்டதை மறந்து, மறுநாள் அதே துணியை மறுபடியும் துவைத்து... அவள் உடம்பென்ன இரும்பா?

'தூக்கம் வருது, கொஞ்சம் படுக்கறேன்' என்று சொல்லிவிட்டுப் படுக்கலாமே என்பீர்கள். சொல்லிப் பார்த்துவிட்டாள். படுத்திருக்கும் அம்மாவை யார் வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் எழுப்பலாம். கத்தரிக்கோல் எங்கே, துண்டு எங்கே, ரிமோட் எங்கே! "அம்மா, தூங்கிட்டியா?" என்று கேட்பதற்காகவே எழுப்புவாள் சின்னவள்.

ஆனால் மீட்டிங் அப்படியில்லை. அந்த வீட்டில் மீட்டிங்குக்கு என்றே ஒரு தனி மரியாதை உண்டு. அதற்குக் காரணம் மாமியார்.

மாமியார் ஒரு பெரிய ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் புகழை மகன் பாடாத நாள் இல்லை.

"எங்கம்மாவும் வேலைக்குப் போனவங்கதான். மிஷின் கிடையாது, எல்லாத் துணியும் கையாலதான் துவைப்பாங்க. எங்க யூனிஃபார்மைக்கூட அவங்களே தைச்சாங்க. இத்தனைக்கும் சனிக்கிழமை மத்தியானம் ஸ்டாஃப் மீட்டிங் வேற! ஒரு நாளாவது களைப்புன்னு சொல்லியிருப்பாங்களா? சாயங்காலம் திரும்பி வரும்போது முகம் பளிச்சுன்னு இருக்கும்!"

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்திருக்கும் மாமியார் ஒன்றும் சொல்ல மாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொள்வார். அவ்வளவுதான். அதைப் பார்த்ததும் மருமகள் எழுந்து பாத்திரம் தேய்க்கப் போய்விடுவாள்.

"அப்பா, உள்ள யாருமே பேசலையே?"

சின்னவளின் குரல் கதவிடுக்கிலிருந்து வந்தது. கதவுக்குத் தாழ்ப்பாளும் கிடையாது. சின்னவள் ஒரு தடவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு திறக்கத் தெரியாமல் அழுத பிறகு கழற்றிவிட்டார்கள்.

அவள் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தாள். ஏதாவது பேச வேண்டும். தூக்கக் கலக்கத்தில் வாய்க்கு வந்தது லேபிள்தான்.

"நன்றாகக் குலுக்கிவிட்டுப் பயன்படுத்தவும்!"

கதவிடுக்கில் தெரிந்த கண் விலகியது.

"ஓகே சார்! வெளிச்சம் படாத, குளிர்ச்சியான இடத்தில் வைக்கவும். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும். அதுதான் சார் ரொம்ப ரொம்ப முக்கியம்!"

"கேட்டீங்களா? என்னமா பேசறா பாருங்க!" என்று பூரித்துப்போனார் கணவர்.

"அம்மா மட்டும்தானே பேசறாங்க? மத்தவங்க குரலே கேக்கலையே?" என்றாள் பெரியவள். பன்னிரண்டு வயது. வக்கீலாகப் பிறந்திருக்க வேண்டியவள், தவறிப் போய் இந்த வீட்டில் பிறந்துவிட்டாள்.

பேசாமல் இருந்திருக்கலாம். அம்மாக்காரி வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

"நான் ஹெட்போன் போட்டிருக்கேன்டி!"

"உன் ஹெட்போன் என் காதுல இருக்கும்மா."

"அது... அது பழசு! இது ஆபீஸ்ல புதுசா குடுத்தது!"

"புது ஹெட்போனா? ஹை, நான் பாக்கறேன்!" என்று சின்னவள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள்.

அதற்குள் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு அம்மா பாய்ந்த பாய்ச்சலைப் பள்ளிக்கூட நாளில் பாய்ந்திருந்தால் கோப்பை வாங்கியிருப்பாள். லேப்டாப்பைத் திறந்தாள். சார்ஜ் இல்லை. திரை கறுப்பாகவே கிடந்தது.

"ஹெட்போன் எங்கம்மா?"

"இப்பதான் கழட்டி உள்ள வெச்சேன்."

"ஏம்மா ஒண்ணுமே தெரியலை?"

"அதுவா? மேனேஜர் லைட் போடலை. இருட்டுல உக்காந்திருக்கார்."

"ஏன்?"

"கோவமா இருக்கார்."

சின்னவள் திரைக்கு முன்னால் போய்க் கையைக் கூப்பினாள். "வணக்கம் அங்கிள்."

திரை அசையவில்லை.

"பதிலே சொல்ல மாட்டேங்கறாரே?"

"அதான் கோவம்னேனே. நீ போ கண்ணு, போய் விளையாடு."

"அம்மா, உன் கன்னத்துல கோடு கோடா இருக்கு."

"ஹெட்போன் அழுத்தியிருக்கும்."

"நடுவுல ஒரு பூ கூட இருக்கே?"

தலையணை உறையில் பூவேலை செய்தவள் யாரோ, அவளை மனதுக்குள் திட்டித் தீர்த்தாள். சின்னவளைத் திருப்பி நிறுத்தி, முதுகில் கை வைத்து வெளியே அனுப்பிக் கதவை மூடினாள். தப்பித்தோம் என்று பெருமூச்சு விட்டு முடிக்கவில்லை, ஹாலில் சின்னவள் செய்தி வாசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"அப்பா! மேனேஜர் அங்கிள் இருட்டுல உக்காந்துக்கிட்டு அம்மாவைக் கோவிச்சுக்கறார்! அம்மாவுக்குக் கண்ணெல்லாம் செவப்பா இருக்கு! கன்னம் கூட ஒரு மாதிரி ஆயிடுச்சு!"

"என்னது? அழுதாளா?"

"தெரியலைப்பா. மூக்கை உறிஞ்சினாங்க."

நாற்காலி ஒன்று பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது. "சனிக்கிழமைகூட விடாம வேலை வாங்கறதும் இல்லாம, திட்டு வேறயா? என் பெண்டாட்டியையா? இரு, நான் பேசறேன் அந்த ஆள்கிட்ட!"

அவள் கதவருகே ஓடினாள். "என்னங்க! அதெல்லாம் ஒண்ணும் வேண்டாங்க!"

"நீ பயப்படாம மீட்டிங்கைப் பாரு! நான் இருக்கேன்!"

விஷயம் என்னவென்றால், மேனேஜருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவரே இவர்தான். நம்பர் கையிலேயே இருந்தது. 'மீட்டிங்ல இருக்கிறவரைக் கூப்பிட்டா மரியாதையா இருக்காது' என்று யோசிக்கிற அளவுக்கு நல்ல மனிதர் வேறு. அதனால் குரலைப் பதிவு செய்து அனுப்பினார். பதிவு செய்யாமல் சும்மா பேசியிருந்தாலே மேனேஜர் வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

"சார், வணக்கம். நான்தான், உங்களுக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக் குடுத்தேனே, அவன்தான். நீங்க எத்தனை கம்பத்துல இடிச்சிருப்பீங்க? ஒரு நாள் ஒரு வார்த்தை கடிஞ்சு பேசியிருப்பேனா? இருட்டுல உக்காந்துக்கிட்டு ஒரு பொம்பளையை அழ வைக்கறது நல்லா இல்ல சார். முதல்ல லைட்டைப் போடுங்க! மனுஷன் மாதிரி பேசுங்க!"

உள்ளே அவள் தலையில் கை வைத்துக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். திங்கட்கிழமை ஆபீஸுக்குள் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நுழைவது? பூப்போட்ட முகத்தையா?

அடுத்த நிமிடமே ஹாலில் அவளுடைய மொபைல் அலறியது. மாமியார் துணி மடித்துக்கொண்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் சார்ஜில் போட்டிருந்தாள்.

"மேனேஜர்னு வருது," என்றாள் பெரியவள். அப்புறம் ஒரு சின்ன இடைவெளி விட்டுக் கேட்டாள்: "அப்பா, மேனேஜர் உள்ளே மீட்டிங்லதானே இருக்கார்? அப்புறம் எப்படி வெளியில கூப்பிடறார்?"

போன் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது.

அவள் எழுந்து கதவுப் பிடியில் கை வைத்தாள். சொல்லிவிட வேண்டியதுதான். தூங்கினேன் என்று சொல்லிவிட வேண்டியதுதான். கொலையா செய்தோம்? ஆனால் அதை மாமியார் எதிரில் சொல்ல வேண்டுமே! கையாலேயே துணி துவைத்து, யூனிஃபார்ம் தைத்து, மீட்டிங் முடிந்து பளிச்சென்று வந்து நின்ற அந்த அம்மாள் எதிரில்! அவளுக்கு வெட்கமாக இருந்தது, அழுகையாகவும் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே இன்னும் தூக்கம் வேறு வந்தது.

அதற்குள் போன் நின்று, மாமியாரின் குரல் கேட்டது.

"ஹலோ. ஆமாங்க, நான் அவ மாமியார். ஆமாங்க, இங்க லைன் கட்டாயிடுச்சு. இல்லைங்க, நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம், எல்லாம் திங்கக்கிழமை பேசிக்கலாம். என் பையன் சொன்னதை மனசுல வெச்சுக்காதீங்க, காலையிலேருந்து வெயில்ல நின்னிருக்கான். நீங்களும் கம்பத்தைப் பாத்து ஓட்டுங்க. வெச்சிடறேன்."

மறுமுனையில் இருந்தவர் 'ஆ' என்று வாயைத் திறப்பதற்குக்கூட இடம் கொடுக்கவில்லை.

"லைன் போயிடுச்சு. அதான் ஸ்கிரீன் கறுப்பு. அதான் போன்ல கூப்பிட்டார். போதுமா?" என்றார் மாமியார்.

"ஆனா பாட்டி, அம்மா இப்பகூடப் பேசிட்டு..."

"நீ அந்த ஹெட்போனைக் கழட்டு முதல்ல. டேய், ரெண்டு பேரையும் சைக்கிள் ஓட்டக் கூட்டிக்கிட்டுப் போ. அவசரமா ஒண்ணும் திரும்பி வர வேண்டாம்."

"அம்மா, அவ மீட்டிங்..."

"அதை நான் பாத்துக்கறேன். கிளம்புங்க!"

செருப்புச் சத்தம், சைக்கிள் மணி, "பிரேக் பிடி! பிரேக் பிடி!" என்று தெருவில் தேய்ந்து போன குரல். அப்புறம் வீட்டில் சத்தமே இல்லை.

படுக்கையறைக் கதவு திறந்தது. மாமியார் உள்ளே வந்து, கதவை மூடிவிட்டு, செத்துக் கிடந்த லேப்டாப்பைப் பார்த்தார். கசங்கிய போர்வையைப் பார்த்தார். மருமகளின் கன்னத்தில் இருந்த பூவைப் பார்த்தார்.

"எத்தனை வாரமா நடக்குது இந்த மீட்டிங்?"

"மூணு வாரமா, அத்தை."

"ம்."

கண்ணாடியைக் கழற்றினார். புடவைத் தலைப்பால் நிதானமாகத் துடைத்தார். போச்சு, இன்றைக்கு இருக்கிறது என்று நினைத்தாள் அவள்.

"மன்னிச்சுடுங்க அத்தை," என்றாள். "பொய் சொல்லணும்னு இல்ல. உங்களை மாதிரி எனக்கு முடியலை. நானும் முயற்சி பண்ணிப் பாத்துட்டேன், என்னால முடியவே இல்லை. அசதியில ஆபீஸ்ல ஒரு நாள் பெரிய தப்பு பண்ண இருந்தேன். அதான் இந்தக் கொஞ்ச நேரமாவது தூங்கலாம்னு..."

மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுந்தார். ஜன்னல் திரையை இழுத்து மூடினார். தலையணையைத் தட்டி, பூவேலை இல்லாத பக்கமாகத் திருப்பிப் போட்டார்.

"வீட்டுக்குள்ளயா மீட்டிங் வைப்பாங்க, பைத்தியக்காரி!" என்றார். "பூங்காவுல குளத்துக்குப் பின்னால ஒரு பெஞ்சு இருக்கு, நல்ல நிழல், நான் ரிட்டயர் ஆகிற வரைக்கும் ஒவ்வொரு சனிக்கிழமையும் அங்கதான் மீட்டிங் வெச்சேன், ஒரு தடவைகூட யாரும் என்னை எழுப்பினதில்ல."