புட்டிமேல் ஒட்டிய எண்

இருபது புள்ளி மூன்று வர வேண்டிய இடத்தில் பத்தொன்பது புள்ளி ஒன்று வந்தது. ஐந்தாவது தடவையும் அதேதான்.

ஆய்வகத்தில் அவரை எல்லோரும் 'துல்லியம்' என்றுதான் கூப்பிடுவார்கள். கந்தகத்தை எரித்து, அதில் கனமான அணு எவ்வளவு, லேசான அணு எவ்வளவு என்று சொல்லும் கருவிக்கு அவர்தான் பொறுப்பு. கருவி ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க, விடை தெரிந்த ஒப்பீட்டுப் பொடி ஒன்று சான்றிதழோடு விலைக்கு வரும். அதைப் போட்டால் புட்டிமேல் ஒட்டியிருக்கும் எண் வர வேண்டும். வந்தால்தான் லீவு என்று மேலாளர் கறாராகச் சொல்லிவிட்டார். நாளைக் காலை ரயில். பேத்திக்கு ஒரு வயதாகப் போகிறது, மனிதர் இன்னும் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"சான்றிதழ் பொய் சொல்லுமா? கருவியைப் பாருங்க" என்றார் மேலாளர்.

துல்லியத்துக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. உலையை ஆறவைத்து உள்ளே இருந்த குழாயை மாற்றினார். பதினெட்டுக்கு இறங்கியது. காற்று கசிகிறதோ என்று குழாயின் இணைப்பை இறுக்கினார். புதுக் குழாய் விரிசல் விட்டது. பழையதையே மாட்டினார். மறுபடியும் பத்தொன்பது புள்ளி ஒன்று. அரைநாள் போனதும் இடுப்பு ஒடிந்ததும்தான் மிச்சம்.

கடைசியில், செய்யக் கூடாததைச் செய்தார். குறைகிற ஒன்று புள்ளி இரண்டைக் கணினியிலேயே கூட்டிவிட்டார். பொடி சரியாக வந்தது. கூடவே, அந்த வாரம் அளந்து வைத்திருந்த நாற்பது மாதிரிகளின் எண்களும் எகிறின. மேலாளர் கண்ணில் அதுதான் பட்டது.

"அப்ப நாப்பதும் தப்பு. எல்லாத்தையும் திரும்ப ஓட்டுங்க. லீவை அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

மனைவிக்குப் போன் செய்தார். அவள் சண்டைகூடப் போடவில்லை. கட்டின பெட்டியைப் பிரித்துவிடட்டுமா என்று மட்டும் கேட்டாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அந்த ஆத்திரத்தில், பொடியை விற்ற நிறுவனத்தைக் கூப்பிட்டார். எடுத்தது ஓர் எழுத்தர் பெண். தன் பேரையும் புட்டியின் வரிசை எண்ணையும் சொல்லி, இதை அளந்த ஆளுக்குத் தராசையாவது பிடிக்கத் தெரியுமா, சம்பளம் வாங்கிக்கொண்டு தூங்கினானா என்று மூச்சு விடாமல் கேட்டுத் தீர்த்தார். அந்தப் பெண் பொறுமையாகக் கோப்பைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"பொடி மட்டுந்தான் சார் எங்களுது, ரெண்டு வருஷம் முன்னாடி உங்க ஆய்வகத்துல அதை அளந்து இந்த எண்ணைக் குடுத்தது நீங்கதான், கையெழுத்துக்குப் பக்கத்துல, 'நாளைக்கு ஊருக்குப் போறேன், அதனால ஒரு தடவைதான் அளந்தேன்'னு எழுதியிருக்கீங்க."