செல்வம் மாமாவும் காமாக் கதிரும்

பி.எச்.டி. வைவாவில் பொதுமக்களும் வந்து கேள்வி கேட்கலாம் என்பது விதி. அவர்கள் கேட்க மாட்டார்கள், மதியச் சாப்பாட்டுக்காக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்பது நடைமுறை. அந்த நடைமுறையைக் கெடுத்த பெருமை என்னையே சேரும்.

என் ஆராய்ச்சி உருண்டை வடிவ விண்மீன் கொத்துகளைப் பற்றியது. லட்சக்கணக்கான வயதான நட்சத்திரங்கள் நெருக்கியடித்து நிற்கும் இடம். அங்கிருந்து காமாக் கதிர் வருகிறது. எதனால் என்பதுதான் கேள்வி. உள்ளே சில செத்துப்போன நட்சத்திரங்கள், ஜோடி நட்சத்திரத்தின் சரக்கை உறிஞ்சித் தெம்பாகி, நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை சுழல்கின்றன (இதைக் கேட்டதும் அம்மா எங்கள் உறவினர் ஒருவரின் பெயரைச் சொன்னார்). கதிர் நேராக அவற்றிடமிருந்தே வரலாம். அல்லது அவை வீசியெறியும் எலக்ட்ரான்கள், சுற்றியுள்ள நட்சத்திரங்களின் ஒளியில் மோதி அதைக் காமாக் கதிராக ஏற்றிவிடலாம். ஐந்து வருடம் ஆராய்ந்து நான் எழுதிய முடிவு, ‘இரண்டும் இருக்கலாம்.’

வைவா வேலூரில். யாருமே கேள்வி கேட்காவிட்டால் சபை களையிழந்துவிடுமே என்று எனக்குக் கவலை (சபையே பதினெட்டுப் பேர்). அதனால் முந்தின நாள் ஆம்பூருக்குப் போய், அம்மாவின் தம்பி செல்வம் மாமாவுக்கு என் ஆராய்ச்சியை விளக்கி, ஒரு கேள்வியையும் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். ‘இதனால் மாணவர்களுக்கு என்ன பயன்?’ பதிலை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

மாமா தோல் தொழிற்சாலையில் தரம் பிரிப்பவர். தோலை மேசையில் விரித்து, உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, ஏ, பி, சி என்று சாக்பீஸால் எழுதித் தள்ளிவிடுவார். அவர் யோசித்து நின்றதைப் பார்த்தவர் யாரும் இல்லை. அவரைப் போய் நான் தேர்ந்தெடுத்தேன்.

மறுநாள் எல்லாம் நன்றாகத்தான் போனது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பொதுமக்கள் யாராவது கேட்கிறீர்களா என்றார். மாமா எழுந்தார். சீட்டைப் பிரித்துப் பார்த்தார். மறுபடி மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“அஞ்சு வருஷமா பாத்துனு இருக்கே. ரெண்டும் இருக்கலாம்னு சொல்றே. எது ஜாஸ்தி, எது கம்மி? அதையாவது சொல்லும்மா.”



“தெரியாது மாமா.”

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மாமாவா? பரவால்ல. நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அவர் கேட்டுட்டார். எப்படிக் கண்டுபிடிப்பீங்க, சொல்லுங்க.”

நேராக வரும் கதிரில் சுழற்சியின் துடிப்பு தெரியும். மோதி வருவதில் துடிப்பு கலைந்துவிடும். மூன்றாம் அத்தியாயத்தில் நானே எழுதியதுதான். அது ஞாபகம் வர நாற்பது நிமிடம் ஆனது. அதுவரை அவர் என்னை வறுத்தெடுத்தார். பட்டம் போய்விட்டது என்றே முடிவு செய்து, கரும்பலகைப் பக்கம் திரும்பிக் கொஞ்சம் அழுதேன். வாசலில் பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது.

பட்டம் கிடைத்தது. ஒரு நிபந்தனை: மாமாவின் கேள்விக்குப் பதிலாக ஐந்து பக்கம் சேர்க்க வேண்டும். எழுதிக் கொடுத்ததை ஏன் கேட்கவில்லை என்று சாப்பிடும்போது மாமாவிடம் பாய்ந்தேன்.

“அது உனுக்குத் தெரிஞ்ச கேள்விம்மா. எனுக்கு நெஜமாவே தெரிஞ்சிக்கணும்னு இருந்துச்சு.”

அதற்கு மேல் கோபப்பட முடியவில்லை. அந்த ஐந்து வருடத்தில் என் ஆராய்ச்சியைப் பற்றி நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவர் அவர் ஒருவர்தான்.

மாமாவுக்குக் கீழே வேலை செய்பவர்கள், ஏ-யா பி-யா என்று தெரியாத தோல்களைத் தனியாக அடுக்கி வைப்பார்கள். வைவாவுக்குப் பிறகு அவற்றின்மேல் சாக்பீஸால் ‘டாக்டர்’ என்று எழுதுகிறார்கள். போன மாதம் நாட்றம்பள்ளியில் ஒரு கல்யாணப் பந்தியில், மாமாவின் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் யாரென்று அவருக்குத் தெரியாது. வேலையெல்லாம் எப்படி என்று கேட்டேன்.

“பேஜாருங்க. இந்த வாரம் டாக்டர் ஜாஸ்தி.”