குரங்கின் முகத்தில் முடிவு பார்ப்பவர்

முடிவு வருவதற்கு முன்பே அதைக் கொண்டாடிவிடும் ஓர் இனம் உண்டு. பரீட்சை எழுதிய அன்றே மிட்டாய் வாங்கிவிடும் ரகம். இவர்களை எங்கும் பார்க்கலாம் என்றாலும், ஆராய்ச்சிக்கூடத்தில் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு திரியும்போதுதான் அந்த அழகு முழுசாகத் தெரியும். என் நண்பரைக் காட்டுகிறேன், பாருங்கள்.

எச்.ஐ.வி.க்கு டிஎன்ஏ தடுப்பூசி செய்வது அவர் வேலை. வைரஸையே உள்ளே விடாமல், அதன் ஒரு துண்டைச் செய்வதற்கான குறிப்பை மட்டும் ஊசியில் ஏற்றினால், உடம்பே அந்தத் துண்டைச் செய்து பார்த்து எதிரியை அடையாளம் தெரிந்துகொள்ளுமாம். எலிகளின் ரத்தத்தில் கொஞ்சம் எதிர்ப்பு தெரிந்ததுமே, மாநாட்டுக்குப் போக ஒரு புதுச் சூட் தைக்கக் கொடுத்துவிட்டார். அடுத்தது குரங்குகள். எச்.ஐ.வி.யின் பங்காளி வைரஸ் ஏறிய குரங்குகளுக்கு முதலில் வைரஸை அடக்கிவைக்கும் மாத்திரை. கூடவே பாதிக்கு இந்த ஊசி, மீதிக்கு வெறும் உப்புத்தண்ணீர். பிறகு மாத்திரையை நிறுத்திவிட்டு வைரஸ் தலைதூக்குகிறதா என்று பார்ப்பது. எந்தக் குரங்குக்கு எந்த ஊசி, எதன் ரத்தத்தில் என்ன என்பதெல்லாம் கடைசிவரை கணக்கு வைத்திருக்கும் புள்ளியியல் அம்மாளுக்கு மட்டுமே தெரியும்.

தெரியாது என்றால் சும்மா இருப்பாரா? கம்பியைப் பிடித்துக் குதியாட்டம் போட்ட ஒரு குரங்கைக் கண்டதும், "இவனுக்கு நம்ம ஊசிதான்" என்று சாதித்தார்.

"எப்படி சார் சொல்றீங்க?" என்றார் புள்ளியியல் அம்மாள்.

"முகத்துல களை தெரியலையாம்மா?"

அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்து, யாருக்கும் தெரியாமல் தினமும் வாழைப்பழ உபசாரம் வேறு. வாழைப்பழம் கிடைத்தால் யார்தான் குதிக்க மாட்டார்கள்?

இதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். அவருடைய தங்கைக்கு இந்த வைரஸ் இருக்கிறது. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, வேலைக்குப் போய்க்கொண்டு, நன்றாகவே இருக்கிறாள். அவளுக்குப் போன் போட்டார்.

"மாப்பிள்ளைக்கு மாத்திரைய நிறுத்தியாச்சு. ஜம்முனு இருக்கான். இனிமே உனக்கும் அது தேவைப்படாது."

"அப்ப இப்பவே நிறுத்திடட்டுமாண்ணா?"

'கூடவே கூடாது' என்று சொல்லியிருக்க வேண்டும். "உன் இஷ்டம்" என்றார் அண்ணன். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது.

முடிவைச் சொல்லும் கூட்டம் கூடியது. நண்பர் புதுச் சூட்டிலேயே வந்திருந்தார். புள்ளியியல் அம்மாள் ரகசியத்தை உடைத்தார். மாப்பிள்ளைக்குப் போட்டது உப்புத்தண்ணீர். ரத்தத்தில் வைரஸ் கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தது. தடுப்பூசி போட்ட குரங்குகளும் பெரிதாகத் தப்பவில்லை. நண்பர் பேயறைந்த மாதிரி எழுந்து, வராந்தாவுக்கு ஓடித் தங்கைக்குப் போன் போட்டார்.

"மாத்திரைய நிறுத்திட்டியாம்மா?"

"இல்லண்ணா."

"ஏன்?"

"நீ அவ்வளவு நிச்சயமா சொன்னியே, அதனாலதான்."

சுவரில் சாய்ந்து, புதுச் சூட்டின் கையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாவமாகத்தான் இருந்தது.

'நல்லவேளை, நான் அந்த இனம் இல்லை' என்கிறீர்களா? இருக்கட்டும். மாப்பிள்ளை குதித்தபோதே 'இதற்கு உப்புத்தண்ணீர்தான்' என்று மனசுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டீர்களே, அது யாரைக் கேட்டு?