மூத்தவர் யார் என்று கேட்காதீர்கள்

முதுமையை முழுமனதோடு ஏற்றுக்கொண்ட முதல் மாமனிதரை உலகுக்கு வழங்கிய பெருமை போடிநாயக்கனூரையே சாரும். அவர் ஏலக்காய் வியாபாரி தங்கப்பாண்டி. 'இனிய முதுமைப் பேரவை'யின் நிறுவனர், தலைவர், நிரந்தரப் பேச்சாளர். "நரையை மறைக்காதே! உன் மகிழ்ச்சியை ஒத்திப்போடாதே!" என்பது பேரவையின் முழக்கம். அதை மேடையில் முழங்குவதற்கு முந்தின நாளே தலைக்கு மை பூசிவிடுவார். பச்சை வெளுத்த ஏலக்காயைக் கையால்கூடத் தொடாத வியாபாரி, வெளுத்த தலையோடு மேடை ஏற முடியுமா?

ஆண்டு விழா ஆலோசனைக் கூட்டத்துக்கு அவர் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது மனைவி அன்னக்கொடி வந்து நின்றாள்.

"ஏங்க, ஞாயித்துக்கெழம பக்கத்து வீட்டு ஜெயபாக்கியமெல்லாம் ஜீப்பு பிடிச்சு போடிமெட்டுக்குப் போறாங்களாம். பனிக்குள்ள நின்னு ஒரு டீ குடிக்கணும். நானும் போயிட்டு வர்றேன்."

"ஒன் வயசுக்கு ஜீப்பு கேக்குதா? அந்த மலை வளைவுல குலுக்குற குலுக்குல இடுப்பு என்னத்துக்காகும்? வயசாயிட்டா ஏத்துக்கிரணும்த்தா. பேசாம வீட்ல கெட."

"கல்யாணமாகி வந்ததுலருந்து வாசல்ல நின்னா அந்த மலைதான் தெரியுது. ஒருக்காகூட ஏறிப் பாத்ததில்லீங்க."

தங்கப்பாண்டியின் நெஞ்சு உருகியிருக்கும். ஆனால் மகிழ்ச்சியைப் பற்றிப் பேச நேரமாகிவிட்டது. கிளம்பிவிட்டார்.

கூட்டத்தில் செயலாளர் காசிமாயன் எழுந்தார். "நம்மள்ல யாரு மூத்தவரோ அவருக்கு இந்த வருசம் 'மூத்தோர் மாமணி' விருது, பொன்னாடை. யாருண்ணே மூத்தவரு?"

பேரவை முழுவதும் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தது.

"விஜயபாண்டி அண்ணே?"

"எனக்கு அம்பத்தெட்டுய்யா."

"ஒங்க மகனுக்கே அம்பது ஆகப்போகுதேண்ணே?"

"அவன் கொஞ்சம் வெரசாப் பொறந்துட்டான்."

இந்த விளக்கம் ஒருமனதாக ஏற்கப்பட்டது. பிறகு எல்லார் கண்களும் தலைவர் பக்கம் திரும்பின. தலைவர் அவசரமாகத் தொண்டையைச் செருமினார்.

"பொம்பளைகளுக்கு நாம என்ன செஞ்சோம்? ஒண்ணுமில்ல. அதனால விருதை எங்க வீட்டம்மாவுக்கே குடுத்துருவோம். அவளுக்குத்தான் நல்லா வயசாயிருச்சு."

கைதட்டல் கூரையைப் பிளந்தது. எத்தனை ஆண்களின் மானம் காப்பாற்றப்பட்டது!

ஞாயிற்றுக்கிழமை விழா மேடையில் அன்னக்கொடியின் பெரிய படம் இருந்தது, மாலை இருந்தது, நாற்காலி இருந்தது. அன்னக்கொடி இல்லை. காசிமாயன் போன் போட்டு, ஊரும் கேட்கட்டும் என்று மைக்கில் வைத்தார்.

"மதினி, எங்க இருக்கீங்க?"

காற்று இரைந்தது. "போடிமெட்டுல. கை வெறச்சு டீ கிளாசைப் பிடிக்க முடியல. சந்தோசமா இருக்கு கொழுந்தனாரே!"

தங்கப்பாண்டி போனைப் பிடுங்கினார். "ஏய், ஊரே கூடியிருக்கு! நீதான் மூத்தவள்னு விருது குடுக்கப் போறோம். வெரசா எறங்கி வா!"

"மூத்தவளா? ஒங்களுக்கு நாலு வயசு எளையவங்க நானு. பொன்னாடைய நீங்களே போத்திக்கங்க. எனக்கு இந்தக் குளிரு நல்லாத்தான் இருக்கு."

பொன்னாடையைப் போர்த்திக்கொள்ள ஒருவரும் முன்வரவில்லை. அது மடித்து அடுத்த ஆண்டுக்குப் பத்திரப்படுத்தப்பட்டது.

தங்கப்பாண்டி முதுமையை முழுமனதோடு ஏற்றுக்கொண்டவர் என்று தொடக்கத்தில் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. வியாபாரி அல்லவா? முதுமையை மனைவி பேரிலும் மகிழ்ச்சியைத் தன் பேரிலும் எழுதி வைத்திருந்தார்.