மூணிலிருந்து நாலுக்கு

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், ஆங்கிலத்துக்கு அதுவும் இல்லை. ஆனால் யார் எதைச் சொன்னாலும், "ம்ம், தெரியுமே" என்று தலையை ஆட்டிவிடுவேன். அந்தத் தலையாட்டல்தான் ஒரு சனிக்கிழமை என்னைச் சினிமாத் தியேட்டர் வாசலுக்குக் கொண்டுபோய், முன்பின் தெரியாத ஒரு மனிதர் கையிலிருந்த கடலைப் பொட்டலத்தைப் பிடுங்க வைத்தது.

எண்பதுகளில் நடந்தது. தோ பாயோ பேட்டையில், அடுக்குமாடிப் புளோக்கில் மூவறை வீட்டில் இருந்தோம். (இப்போதும் அதே வீடுதான். அதற்கும் காரணம் உண்டு, வருகிறேன்.) என் வீட்டுக்காரர் பகலில் ஆபீஸ் வேலை பார்ப்பார். சாயங்காலம் வந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, சிராங்கூன் ரோட்டுக் கடைகளுக்குக் கணக்குப் பார்க்கும் புரோகிராம் எழுதுவார். அதை எழுதுவதற்கே இன்னொரு புரோகிராம் வேண்டுமாம். தையல்காரருக்கு மிஷின் இருக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தலையணை கனத்துக்கு ஒரு புத்தகமும் சேர்த்துப் பெட்டியில் போட்டு விற்பார்கள். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அப்போது தலையைத்தான் ஆட்டினேன்.

கொஞ்ச நாளாகவே அவருக்கு ஒரே யோசனை. பிசைந்த சோற்றை வாயில் வைக்க மறந்து உட்கார்ந்திருப்பார். ஒருநாள் டெலிபோனில் கூட்டாளியிடம் பேசியது அடுப்படியில் எனக்குக் கேட்டது.

"மூணுல இனிமே இடம் பத்தாது லா. நகைக்கடை வேலைய எடுத்தா மூச்சு முட்டிரும். நாலுக்குப் போனா தாராளமா இருக்கும். ஆமா, அப்கிரேட் பண்ணத்தான் வேணும், செலவ நினைச்சாத்தான்... பழசக் காட்டுனா விலை குறைப்பாங்க. சனிக்கிழமையோட முடியுது."

எனக்குத் தெரிந்த ஆங்கிலம் கைவிரலுக்குள் அடங்கும். அதில் ஒன்று அப்கிரேட். எங்கள் புளோக்கில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: மூவறை வீட்டை விட்டு நாலறை வீட்டுக்குப் போவது. என் நாத்தனார் பாக்கியம் அங் மோ கியோவில் அப்படிப் போன நாளிலிருந்து, "எங்க ஹால்ல நின்னு கூப்பிட்டா ரூம்ல கேக்க மாட்டேங்குது அண்ணி" என்று பார்க்கும்போதெல்லாம் சலித்துக்கொள்வாள். கூப்பாடு போட்டே வளர்ந்தவள், அவள் சொல்கிறாள்!

இருந்தாலும் உறுதி செய்துகொள்ளலாம் என்று அன்று ராத்திரி சாப்பாட்டில் பேச்சைப் போட்டேன்.

"செலவு நிறைய ஆகுமோ?"

"ஆகும்தான். இருக்கறதும் கெட்டுப் போகல, நல்லாத்தான் ஓடுது. அதான் மனசு வரல. ஆனா போகலைன்னா நகைக்கடை வேலை கையவிட்டுப் போயிரும்."

"எதுவா இருந்தாலும் காத்தோட்டமா பாருங்க" என்றேன்.

என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு "ம்ம்" என்று தலையை ஆட்டினார். (அவருக்கும் அதே வியாதி.)

அவ்வளவுதான், நான் கிளம்பிவிட்டேன். மார்க்கெட்டில் சொன்னேன், கோயிலில் சொன்னேன். பக்கத்து வீட்டு ரோசி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே யாருகிட்டடி நான் கருவேப்பில கேப்பேன்?" என்று அழுதார். எனக்கும் போக மனசில்லைதான். அதை வெளியே காட்டலாமா? நாலறைக்காரி ஆகப்போகிறவள்!

புது வீட்டுக்குக் குப்பையைக் கொண்டுபோவானேன் என்று ஒழிக்க ஆரம்பித்தேன். பழைய பேப்பர் எல்லாம் எப்போதும் கீழ்வீட்டு முத்தையா அண்ணனுக்குத்தான். அவர் தியேட்டர் வாசலில் கச்சாங் பூத்தே விற்பவர். வறுத்த கடலை, பட்டாணியைக் காகிதத்தைச் சுருட்டிக் கூம்பாக்கிப் போட்டுக் கொடுப்பார். அலமாரியில் அந்தத் தடிப் புத்தகமும் இருந்தது.

"இது வேணுமாங்க?"

என் வீட்டுக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அது பழசு. எனக்கு மனப்பாடம்."

போதாதா? ஆயுத பூஜைக்கு முதல் பக்கத்து மூலையில் நான் வைத்த சந்தனமும் குங்குமமும் அப்படியே இருந்தன. மரியாதையாகக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் கொடுத்தேன்.

"தாளு நல்லா கெட்டியா இருக்கு தங்கச்சி!" என்று அண்ணன் பூரித்துப்போனார்.

சனிக்கிழமை மத்தியானம் வடை, பாயசம் செய்து பாக்கியத்தைச் சாப்பிடக் கூப்பிட்டேன். அவள் உட்கார்ந்ததும் கரண்டியும் கையுமாக நின்று சொன்னேன்: "நாங்களும் நாலுக்குப் போறோம்."

என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்தது. "அட, உனக்கு எப்படித் தெரியும்? நேத்துதான் முடிவு பண்ணேன். நகைக்கடைக்காரரும் சரின்னுட்டாரு."

பாக்கியத்துக்கு வடை தொண்டையில் நின்றது. தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டாள்: "எத்தனாவது மாடிண்ணே?"

"மாடியா? எதுக்கு மாடி? நான் வாங்கறது புரோகிராம். மூணாவது போய் நாலாவது வந்திருக்கு."

பாக்கியம் என்னைப் பார்த்தாள். நான் பாயசத்தைப் பார்த்தேன். அவள் சிரித்த சிரிப்பு ரோசி அக்கா வீடு வரை கேட்டிருக்கும்.

அது அடங்குவதற்குள் அவர் அலமாரிப் பக்கம் போனார். "கடைய மூடறதுக்குள்ள போகணும். பழைய புக்கோட முதல் பக்கத்தக் காட்டுனாத்தான் குறைஞ்ச விலை. இல்லன்னா முழு விலை, அதுக்கு நம்மால ஆகாது. புக்கு எங்க?"

பாயசக் கரண்டி என் கையில் இருந்து நழுவியது.

டாக்சி பிடித்துத் தியேட்டருக்கு ஓடினோம். பாக்கியமும் ஏறிக்கொண்டாள், இந்த வேடிக்கையை விடுவாளா? முத்தையா அண்ணன் தள்ளுவண்டியில் கூம்புகள் ஒன்றுக்குள் ஒன்றாகக் கோபுரம் மாதிரி நின்றன. என் வீட்டுக்காரர் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். முதல் பக்கம் இல்லை.

"அந்தப் புக்க இன்னைக்குத்தான் எடுத்தேன், முன்னாலேருந்துதானே கிழிப்பேன் தங்கச்சி" என்றார் அண்ணன். "அது இப்பத்தான் போயிருக்கும். மேட்னிக்கு நிக்கிறாங்க பாரு."

வரிசை தெருமுனை வரை நின்றது. எல்லார் கையிலும் வெள்ளைக் கூம்பு. என் வீட்டுக்காரர் ஒவ்வொரு கூம்பாகக் குனிந்து எழுத்தைப் படித்துக்கொண்டு போனார். ஜனங்கள் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்கள். எனக்கு எழுத்து எதற்கு? குங்குமத்தைத் தேடினேன். டிக்கெட் கிழிக்கிற இடத்தில் ஒரு சீனப் பெரியவர் கையில் சிவப்பாய்த் தெரிந்தது. இன்னும் ரெண்டு எட்டு வைத்தால் உள்ளே போய்விடுவார். பாய்ந்து பிடுங்கினேன்.

கடலை தரையெல்லாம் உருண்டது. வரிசை மொத்தமும் என்னையே பார்த்தது. அந்தப் பெரியவர் கோபப்படக்கூட இல்லை. மிகவும் பரிதாபமாக, "ஐயோ, யூ ஸோ ஹங்ரி ஆ?" என்றார்.

(பாக்கியம் இதைச் சொல்லும்போது அவர் குரலிலேயே சொல்லுவாள்.) அண்ணன் அவருக்கு ரெண்டு பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்பினார்.

கடை மூடுகிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். கவுன்டரில் இருந்த பெண் அந்தத் தாளை நீவிப் பார்த்தாள், மோந்து பார்த்தாள், எண்ணெய்ப் பசையை விரலில் தேய்த்துப் பார்த்தாள். குங்குமத்தைக் காட்டி, "திஸ் ரெட் ரெட் வாட்?" என்றாள்.

என் வீட்டுக்காரர் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல், "சீல்" என்றார்.

அவளும் "ஓ" என்று தலையை ஆட்டினாள். (உலகம் முழுக்க இருக்கிறது இந்த வியாதி.) குறைந்த விலைக்கே நாலாவது வந்தது. நகைக்கடை வேலையும் நிலைத்தது.

வீட்டுக்குத் திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது: நாங்கள் எங்கேயும் போகப்போவதில்லை! அதே கோயில், அதே மார்க்கெட். லிஃப்டை விட்டு இறங்கியதும் நேரே ரோசி அக்கா கதவைத் தட்டி, "கருவேப்பில வேணுமாக்கா?" என்று கேட்டேன். மனசு அவ்வளவு லேசாக இருந்தது.

அதற்குப் பிறகு அஞ்சு வந்தது, ஆறு வந்தது. பெட்டியைப் பிரித்ததும் முதல் பக்கத்தை என்னிடம் நீட்டிவிடுவார், "சீல் வை" என்று. இப்போது பேத்தியின் கைபேசியே தன்னை அப்கிரேட் பண்ணட்டுமா என்று அடிக்கடி கேட்கிறதாம். கேட்டால் போதும், வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் என்னைப் பார்த்து ஒரே குரலில், "எத்தனாவது மாடி?" என்பார்கள்.

இருக்கிற மாடியே போதும் என்பேன்.