இருமலில் வந்த கோவிந்தராசு

விருத்தாசலத்தில் அந்த வருடம் மழை வரவில்லை. தண்ணீர் லாரி வரவில்லை. கரண்டு நினைத்தால் வந்தது. செத்துப்போனவர்கள் மட்டும் செவ்வாய், வெள்ளி காலை பத்து மணிக்குத் தவறாமல் வந்துகொண்டிருந்தார்கள். வந்து இறங்கிய இடம் ஒரு நாய்.

பெரிய நாய்கூட இல்லை. பொமரேனியன் குட்டி. பெயர் ரோசி. சோற்றுக் குண்டானுக்குள் தாராளமாக உட்காரும். அந்த வெள்ளை மயிரைத் தண்ணீரில் நனைத்துவிட்டால் மிச்சம் இருப்பது ஒரு எலிதான். இந்த உடம்புக்குள்தான் ஆறடி உயரக் கோவிந்தராசு குடியிருக்கிறார் என்று ஊர் நம்பியது. கோவிந்தராசு மட்டுமா? வாடகை கொடுத்தால் யார் வீட்டுப் பிணமும் பத்து நிமிடம் தங்கிவிட்டுப் போகலாம்.

கம்மாபுரத்திலிருந்து டிவிஎஸ் ஃபிஃப்டியில் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். பக்கத்துத் தாலுகா மங்களூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தார்கள். தெருமுனையில் இளநீர்க்கடை முளைத்தது. செருப்புக்கு டோக்கன் போட ஓர் ஆள் உட்கார்ந்தார். செல்போனில் இன்கமிங் இலவசம் ஆன வருடம் அது. மேலுலகத்து இன்கமிங்குக்கு மட்டும் மாயவன் சாமி ஐம்பத்தொரு ரூபாய் வாங்கினார்.

இதெல்லாம் தன் வீட்டில் நடக்கிறது என்பதை ராஜாம்பாளாலேயே சில சமயம் நம்ப முடியவில்லை. அவள் புருஷன்தான் கோவிந்தராசு. பீங்கானுக்கு வெள்ளைக்கல் அரைக்கிற மில்லில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவர். சாயங்காலம் வீடு திரும்பும்போது புருவம்கூட வெள்ளையாக இருக்கும். கடைசி நாலு வருடம் இருமினார். கெக், கெக், பிறகு ஒரு நீளமான இழுப்பு. அந்த இருமலோடுதான் அவள் தூங்கினாள், எழுந்தாள். இரண்டு பொங்கலுக்கு முன்னால் இருமல் நின்றது. அவரும் நின்றுவிட்டார்.

பாண்டிச்சேரியில் துணிக்கடையில் வேலை பார்க்கும் மகள் காவியா, அம்மாவுக்குத் துணையாக இருக்கட்டும் என்று இந்தக் குட்டியைக் கொண்டுவந்து விட்டுப் போனாள். கடைத்தெருவில் இந்த அளவுக்குக் கழுத்துப் பட்டை கிடைக்கவில்லை. ஆட்டுக்குட்டிக்குப் போடுவதை வாங்கி, ஆணியால் புதிதாக ஓட்டை போட்டு, நழுவாத மாதிரி இறுக்கிக் கட்டினாள் ராஜாம்பாள். தெருவில் ஓடி லாரியில் அடிபடக்கூடாது என்ற பயம். ரோசியோ கயிறு உள்ள தூரம் வரை ஓடும், கழுத்து சுண்டி இழுபடும், மறுபடி ஓடும்.

ஒரு மத்தியானம் அவள் சோற்றில் குழம்பு ஊற்றினாள். வாசம் பிடித்து ரோசி கயிற்றை இழுத்துக்கொண்டு தட்டை நோக்கித் தாவியது. கெக், கெக் என்றது. பிறகு ஒரு நீளமான இழுப்பு.

ராஜாம்பாள் கையிலிருந்த கரண்டி விழுந்தது.

"ஏங்க..." என்றாள். இரண்டு வருடமாக அவள் வாயில் வராத வார்த்தை. நாய் வாலை ஆட்டியது. அவள் அழுதுகொண்டே தட்டை அதன் முன்னால் தள்ளினாள்.

பக்கத்து வீட்டில் கிடா பார்க்க வந்திருந்த மாயவன் இதைச் சுவருக்கு மேலாகப் பார்த்தார். அப்போது அவர் சாமி இல்லை. சேத்தியாத்தோப்புச் சந்தையில் ஆட்டுத் தரகர். சந்தையில் விலையை வாயால் சொல்லமாட்டார்கள். தரகர் கையை நீட்டுவார், அதன்மேல் துண்டைப் போடுவார், துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார். இருபது வருடம் துண்டுக்கடியில் விரலாட்டிப் பிழைத்தவர். கயிற்றை எந்த இடத்தில், எவ்வளவு சுண்டினால் எந்த ஆடு தலையைத் தூக்கும், எது கத்தும் என்பது அவருக்கு மனப்பாடம்.

அடுத்த வாரம் காவி வேட்டியில் வந்து நின்றார்.

"தாயி, ஒன் வூட்டுக்காரரு எங்கியும் போவல. வூட்டுலதான் இருக்காரு. இதோ, இதுக்குள்ள இருக்காரு" என்றார்.

வேறு யாராவது இப்படிச் சொல்லமாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டிருந்தவளுக்கு, கேள்வி கேட்கத் தோன்றவில்லை. கும்பிடத்தான் தோன்றியது.

மாயவன் நாயின் கழுத்தில் ஒரு தாயத்துக் கட்டினார். இருமல் கூடியது. "பாத்தியா, சக்தி ஏறுது" என்றார். மூன்றாவது தாயத்துக்கு இருமல் இன்னும் கூடியது. ஐந்தாவதுக்குத் தெருமுனை வரை கேட்டது. மருந்து தின்று நோய் கூடினால் டாக்டர் சட்டையைப் பிடிப்பான் நம்ம ஆள். தாயத்துக் கட்டி நோய் கூடினால் காலில் விழுவான்.

கூடத்தில் தரிசனம். வழவழவென்று தேய்ந்த சிமெண்டுத் தரை. நடுவில் பட்டுத் துணி போர்த்திய ரோசி. நாலு முழம் தள்ளி, பலகையில் மாயவன் சாமி. நாயின் கழுத்திலிருந்து ஒரு மஞ்சள் கயிறு கிளம்பி அவர் மடியில் கிடந்த துண்டுக்குள் போய் மறையும். "ஆவி எறங்குற லைனு" என்று அதற்கு விளக்கம். ஒரு தடவை இருமினால் ஆமாம். இரண்டு தடவை இருமினால் இல்லை.

மங்களூர்க்காரர் திருமால், செத்துப்போன அப்பாவிடம் கேட்டார்: "பட்டாவ எங்கப்பா வச்ச?"

நாய் இரண்டு தடவை இருமியது.

"எங்கன்னு கேக்காதய்யா, இருக்குதான்னு கேளு. நாய்க்கு எப்புடி அட்ரஸு சொல்லத் தெரியும்?" என்று சாமி அதட்டினார். திருமால் தன் முட்டாள்தனத்துக்கு வெட்கப்பட்டு, மறுபடி ஐம்பத்தொன்று கட்டிக் கேட்டார். பட்டா இருக்கிறது என்று பதில் வந்தது. சந்தோஷமாகப் போனார். எங்கே இருக்கிறது என்பது இன்றைக்கு வரை தெரியாது.

கோவிந்தராசுவின் தங்கை அன்புக்கரசி ஆடி மாதக் கடைசியில் ஒரு புதன்கிழமை வந்தாள். பீங்கான் பியூஸ் கட்டை செய்கிற கம்பெனியில் சரக்குப் பார்க்கிற வேலை அவளுக்கு. ஒவ்வொரு கட்டையையும் சின்னக் குச்சியால் தட்டுவாள். ணங் என்றால் பெட்டிக்குள். மொத் என்றால் உள்ளே விரிசல், குப்பைக்கு. மேலே எவ்வளவு பளபளப்பு இருந்தாலும் தட்டாமல் எதையும் பெட்டியில் அடுக்கமாட்டாள். வாயும் அதே மாதிரிதான்.

"அண்ணி, எங்க அண்ணன் நாயில வந்திருக்காராமே?"

"ஆமாம் அன்பு. அதே இருமலு. கேளேன்."

"அதுவும் பொட்ட நாயில?"

"ஆவிக்கு ஆணு ஏது பொண்ணு ஏதுன்னு சாமி சொல்றாரு."

அன்புக்கரசி ரோசியைத் தூக்கி மடியில் வைத்தாள். பட்டுத் துணிக்குள் எலும்புதான் கைக்குப் பட்டது. வைத்த பாலில் ஏடு கட்டியிருந்தது. நாக்கு நாவல்பழம் தின்ற மாதிரி கறுத்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்ளே போய் வந்தது. கழுத்தைத் தொட்டுப் பார்த்தால், மயிருக்கடியில் பட்டை, தாயத்து, கறுப்புக் கயிறு, செப்புக் கம்பி என்று ஒரு ஃபேன்சி ஸ்டோரே இருந்தது.

"அண்ணி, இது செத்துப்போவும். ஆஸ்பத்திரிக்குத் தூக்கியாங்க."

"வேணாம்."

"ஏன்?"

ராஜாம்பாள் பட்டுத் துணியை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு மெல்லச் சொன்னாள். "இருமல் போயிட்டா அவரும் போயிடுவாரு அன்பு. நாளான்னைக்கு அமாவாசை. ஏழு முடிச்சு கட்டிட்டா எப்பவும் போவமாட்டாராம்."

அன்புக்கரசிக்கு வாயில் வந்த வசவெல்லாம் அங்கேயே நின்றுவிட்டது. கோபம் சாமிமேல், ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பது சாமி இல்லை, அண்ணி. எழுந்து நேராகக் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டரம்மா அவள் சொல்லி முடிப்பதற்குள் தலையில் அடித்துக்கொண்டார்.

"சின்ன ஜாதி நாய்ங்களுக்கு மூச்சுக்குழாய் மெல்லிசும்மா. கழுத்துல இறுக்கி இழுத்தா நசுங்கும், அப்படித்தான் இருமும். மொதல்ல கழுத்துல இருக்குற எல்லாத்தையும் அவுருங்க. மாருல பட்டை போட்டுப் புடிங்க. அப்புறம் எங்கிட்ட தூக்கிட்டு வாங்க, மருந்து குடுக்கணும்."

வியாழக்கிழமை சாயங்காலம் அன்புக்கரசி, ஒரு பழைய பள்ளிக்கூடப் பையின் வாரை வெட்டித் தைத்த மார்ப்பட்டையோடு திரும்பி வந்தாள். டாக்டரம்மா சொன்னதைச் சொன்னாள். ராஜாம்பாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சரி அண்ணி, டாக்டரு பொய்யி, சாமி மெய்யி. உள்ள இருக்கறது எங்க அண்ணன்தான். அப்ப ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நாளைக்கு அவரு கழுத்துல கயித்தக் கட்டி, ஊரு முன்னால இழுப்பீங்களா?"

ராஜாம்பாள் ரோசியைப் பார்த்தாள். அது படுக்க முடியாமல், உட்கார்ந்தபடியே கழுத்தை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தது. கடைசி நாலு மாதம் கோவிந்தராசு தூங்கியதும் இப்படித்தான், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி. அவள் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். "மாருல கட்டினாலும் இருந்தாருன்னா இருமுவாருல்ல?" என்று கேட்டாள்.

"நெஜமா இருந்தா இருமட்டும் அண்ணி. நானும் ஒங்ககூட வுழுந்து கும்புடுறேன்."

வெள்ளிக்கிழமை, அமாவாசை. கூடம் வழிந்தது. ஜன்னல் கம்பியில் ஆட்கள் தொங்கினார்கள். மாயவன் மஞ்சள் கயிற்றை நீட்டியபோது ராஜாம்பாள், "இன்னைக்கு நானே கட்டுறேன் சாமி" என்று வாங்கிக்கொண்டாள். பக்தி முற்றிவிட்டது என்று சாமிக்கு உள்ளூர மகிழ்ச்சி. பட்டுத் துணிக்குள் கையை விட்டு, மார்ப்பட்டையில் முடிச்சுப் போட்டாள்.

முதல் ஆள் விருத்தகிரி. கோவிந்தராசு வேலை பார்த்த அதே மில்லில், அதே இயந்திரத்தில் இப்போது வேலை பார்ப்பவர். கைகூப்பி நின்றார்.

"அண்ணே, எனக்கும் ஒரு வருஷமா இருமலு வுட மாட்டேங்குது. சரியாப் பூடுமா?"

மாயவன் கண்ணை மூடினார். துண்டுக்குள் விரல் அசைந்தது. நாய் இருமவில்லை. கொட்டாவி விட்டது.

"ஆவி யோசிக்குது" என்றார் சாமி. துண்டு இன்னும் கொஞ்சம் ஆடியது. உட்கார்ந்த நிலையிலேயே ரோசி ஒரு சாண் முன்னால் வழுக்கி வந்தது.

"ஐயோ, ஆவி நவுருதுடீ!" என்று கத்தினாள், செத்த மாமனாரிடம் பேச வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பூவாயி. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

சாமிக்கு வேர்த்தது. பலமாக இழுத்தார். வழவழச் சிமெண்டில், பட்டுத் துணியோடு, ரோசி இன்னொரு முழம் சர்ரென்று வந்தது. அதற்கு இந்த விளையாட்டு பிடித்துப்போனது. அடுத்த இழுப்புக்குத் தானாகவே தாவி, சாமியின் மடியில் ஏறி, மூக்கை நக்கியது.

"ஆவி என்னாண்ட தனியாப் பேச வந்திருக்குது. எல்லாரும் வெளிய போங்க!"

அன்புக்கரசி போகவில்லை. துண்டை உருவினாள். மாயவனின் ஆள்காட்டி விரலில் மஞ்சள் கயிறு இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. விரல் சிவந்திருந்தது.

"இது என்னா சாமி, நாயி வெலை பேசுறீங்களா?"

"அது... சக்தி ஓடுற கயிறும்மா. புடிச்சிருந்தாத்தான் ஓடும்."

"கழுத்துல கட்டினா ஓடுது, மாருல கட்டினா ஓடமாட்டேங்குதே? அப்ப சக்தி கயித்துல இருக்குதா, கழுத்துல இருக்குதா? பாத்துருவோம்." சொன்ன வேகத்தில் கயிற்றை நாயிடமிருந்து அவிழ்த்து, சாமி கழுத்தில் வளையமாக மாட்டி, லேசாக ஒரு சுண்டு சுண்டினாள்.

கெக், கெக் என்றார் மாயவன். பிறகு ஒரு நீளமான இழுப்பு.

"ஐயையோ, எங்க மாமனாரு!" என்று பூவாயி எழுந்து கும்பிட்டாள்.

கூடம் ஒரு நொடி திகைத்தது. பிறகு சிரிப்பு வெடித்தது. திருமால் சிரிக்கவில்லை, தன் நூற்றிரண்டு ரூபாயைக் கேட்டபடி சாமியின் வேட்டியைப் பிடித்தார். மாயவன் கழுத்துக் கயிற்றோடு வாசலுக்குப் பாய்ந்தார். அங்கே டோக்கன் இல்லாமல் செருப்பைத் தரமுடியாது என்று ஆள் மறித்தார். சாமி வெறுங்காலோடு கொதிக்கும் தார் ரோட்டில் சேத்தியாத்தோப்பு பஸ்ஸைத் துரத்திக்கொண்டு ஓடியதை அன்று ஊரே பார்த்தது.

ராஜாம்பாள் சிரிக்கவில்லை. ரோசி அவள் மடியில் ஏறிச் சுருண்டது. இரண்டு மாதத்தில் முதல் தடவையாகப் படுத்துத் தூங்கியது. அவள் அதன் நெஞ்சில் கை வைத்தாள். நாய் மூச்சுதான் இருந்தது. அவர் இல்லை. இரண்டாவது தடவையாக அவர் இறந்துபோன மாதிரி அவள் அழுதாள். அன்புக்கரசி தோளைப் பிடித்துக்கொண்டாள். கூட்டம் கலையத் தொடங்கியது.

"நில்லுங்க" என்றாள் ராஜாம்பாள். நின்றார்கள்.

"நாயி இருமுறதக் கேக்க எட்டு ஊருலேருந்து வந்தீங்க. எங்க வூட்டுக்காரரு நாலு வருஷம் இருமுனாரு. ஏன்னு ஒருத்தர் கேக்கல. கல்லு மாவு நெஞ்சுல போயிப் போயிச் செத்தாரு. நானும் கேக்கல. சாமிக்குத் தேங்கா ஒடச்சேன்."

அப்போது கெக், கெக் என்று ஒரு சத்தம். பிறகு நீளமான இழுப்பு. கூட்டம் மொத்தமும் சட்டென்று நாயைத் திரும்பிப் பார்த்தது. பாதிப் பேர் கும்பிடக் கைகூட எடுத்துவிட்டார்கள்.

ரோசி அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தது. இருமியது விருத்தகிரி.

ராஜாம்பாள் அவரைக் கைகாட்டினாள். "இந்தத் தடவ நாயி இல்லய்யா, ஆளு. இப்பவாவது ஏன்னு கேளுங்க."