வாகனச் சித்தரும் வெள்ளைக் காரும்

அந்த வருஷம் சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் எலுமிச்சம்பழத்துக்கு ஏகப்பட்ட கிராக்கி. காரணம், வாகனச் சித்தர். மனுஷன் கார்களோடு பேசுவாராம். கார்களும் அவரோடு பேசுமாம். பூர்வ ஜென்மத்தில் ராஜாக்களுக்குத் தேர் ஓட்டியவர் என்று நோட்டீஸில் போட்டிருந்தது. இந்த ஜென்மத்தில் அவருக்கு டிரைவிங் லைசென்ஸ்கூட இல்லை என்பது நோட்டீஸில் இல்லை. இடம் போதவில்லை போலும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, தேக்கா மார்க்கெட்டுக்குப் பின்புறம் ஸ்ரீராம் நடத்தும் பழைய சொகுசுக் கார் கடையில் தரிசனம். வக்கீல் வருவார், நகைக்கடைக்காரர் வருவார், துவாஸ் தொழிலாளர் டார்மிட்டரியிலிருந்து வேடிக்கை பார்க்க இளைஞர்கள் வருவார்கள். கோயிலுக்குப் போகிறவர், பள்ளிவாசலுக்குப் போகிறவர், சர்ச்சுக்குப் போகிறவர் எல்லாரும் ஒரே வரிசை. ஏமாறும் விஷயத்தில் மத நல்லிணக்கம் பூரணமாக இருந்தது.

சித்தர் ஒரு கையைக் காரின் பானெட்டில் வைப்பார். இன்னொரு கையால் நெஞ்சருகே ஒரு சிவப்புச் சுருக்குப்பையை இறுகப் பிடித்துக்கொள்வார். உள்ளே பொதிகை மலை மூலிகைச் சாம்பல் என்பது ஐதீகம். "வாகனமே, இந்த அன்பரை ஏற்கிறாயா?" என்று கேட்பார். கார் 'பீப்' என்று சொல்லி இரண்டு கண்ணையும் சிமிட்டும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டு காணிக்கை வைக்கும். ஒரு விசேஷம், அந்தக் கடையில் மலிவான கார்கள் எல்லாம் ஊமை. விலை கூடிய கார்களுக்குத்தான் வாய் இருந்தது. இது ஏன் என்று இத்தனை படித்த கூட்டத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

ஒரே ஒரு நிபந்தனை. கார் 'பீப்' சொல்லிவிட்டால் அதை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோய் லிஃப்டில் ஏற்றிப் பார்க்கக் கூடாது. தரையை விட்டுத் தூக்கினால் காரின் நாடி அறுந்துவிடுமாம்.

இந்தச் சித்தரைத்தான் ஆங் மோ கியோவில் குடியிருந்த ரகுபதி மலைபோல நம்பியிருந்தார்.

ரகுபதிக்குக் கார்தான் சோறு. கல்யாண மாப்பிள்ளைகளையும் ஹோட்டல் விருந்தாளிகளையும் ஏற்றிப் போக ஒரு கறுப்புச் சொகுசுக் காரை லீஸில் எடுத்து ஓட்டிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமையோடு லீஸ் முடிகிறது. இனி வாடகை கட்டி மாளாது, பழையதாக இருந்தாலும் சொந்தமாக ஒன்று வாங்கிவிடுவது என்று தீர்மானித்திருந்தார். எட்டு வருஷச் சேமிப்பு மொத்தமும் அதற்குத்தான். வாங்கும் கார் நடுரோட்டில் படுத்துக்கொண்டால் சேமிப்பும் போச்சு, தொழிலும் போச்சு. அந்தப் பயத்தில் அவருக்கு ஒரு மாதமாகச் சரியான தூக்கம் இல்லை. பயந்தவனைப் பிடிப்பது எந்தச் சித்தருக்கும் சுலபம்.

"அலீம் பாய்கிட்ட ஒரு தடவ காட்டிட்டு வாங்குங்க" என்றாள் மனைவி ரஞ்சிதம். அப்துல் அலீம் ஆங் மோ கியோவிலேயே ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர்.

"அவரு நட்டு போல்ட்டப் பாப்பாரு. சித்தர் காரோட மனசப் பாப்பாரு லா."

"நடுரோட்ல நின்னா மனச வச்சா தள்ளுவீங்க?"

ரகுபதி சோபா மெத்தையைத் தூக்கிப் பார்த்தார். அவருக்கு அப்போது வேறொரு தலைவலி. லீஸ் காரைத் திருப்பிக் கொடுக்கும்போது இரண்டு சாவியும் கொடுக்க வேண்டும். ஒன்றைக் காணோம். அரிசி வாளி வரைக்கும் தேடியாகிவிட்டது.

சனிக்கிழமை மத்தியானம் அவர் ஜன்னலோரம் நின்று, நாலு மாடிக்குக் கீழே நின்ற காரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். கார் 'பீப்' என்றது. கண்ணையும் சிமிட்டியது.

ரகுபதிக்கு மயிர்க்கூச்செறிந்தது. "ரஞ்சி, இங்க வந்து பாரு. போய்ட்டு வர்றேன்னு சொல்லுது."

அறைக்குள்ளிருந்து ரஞ்சிதம் அவருடைய கல்யாண டியூட்டி கோட்டோடு வந்தாள். தேக்காவில் சலவைக் கடையில் வேலை பார்ப்பவள். பாக்கெட்டைத் தடவிப் பார்க்காமல் ஒரு துணியையும் மெஷினில் போட மாட்டாள். அவள் உள்ளங்கையில் காணாமல்போன சாவி இருந்தது.

"கோட்டு பாக்கெட்டோட சேத்து அமுக்கினேன். அதான் சொல்லுது" என்றாள்.

ரகுபதி சிரித்துவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டார். ரஞ்சிதம் சிரிக்கவில்லை. ரொம்ப நேரம் ஏதோ யோசித்துக்கொண்டே கோட்டை மடித்தாள். "நாளைக்கி நானும் வர்றேன்" என்றாள்.

மறுநாள் கடையில் ஒரு வெள்ளை ஜெர்மன் கார் மாலை போட்டுக்கொண்டு நின்றது. நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம். பால் போல மினுங்கியது. ரகுபதி பார்த்ததுமே சொக்கிப் போனார்.

"ஒரே ஓனர் சார். டாக்டர். கோயிலுக்கும் கிளினிக்குக்கும் மட்டும்தான் ஓட்டுனாரு" என்றார் ஸ்ரீராம்.

"ரெண்டு சாவியும் இருக்கா?" என்று கேட்டாள் ரஞ்சிதம்.

"ஒண்ணுதான்மா. இன்னொண்ண டாக்டர் தொலைச்சிட்டாரு."

சித்தர் எழுந்தருளினார். பானெட்டில் ஒரு கை, நெஞ்சருகே சுருக்குப்பை. "வெண்ணிற வாகனமே, இந்த ரகுபதியை ஏற்கிறாயா?"

பீப்.

ரகுபதியின் கண் கலங்கிவிட்டது. சேமிப்பை அனுப்பக் கைப்பேசியை எடுத்தார். தொகையையும் தட்டினார்.

"சாமி, ஒரு சின்னச் சந்தேகம்" என்றாள் ரஞ்சிதம். "அந்தப் பைய பானெட்டு மேல வச்சிட்டு, கைய எடுத்துட்டு, இன்னொரு தடவ கேளுங்க."

"பை என் உயிர், பெண்ணே. உடலைவிட்டு உயிரைப் பிரிக்கலாமா?"

"ரொம்ப தூரம் பிரிக்கல சாமி. காருக்குப் பக்கத்துலதான வைக்கச் சொல்றேன். அதுக்கு இன்னும் நல்லாக் கேக்கும்."

கூட்டத்தில் ஒருவர் "அதானே" என்றார். இன்னொருவரும் "அதானே" என்றார். சித்தருக்கு வேறு வழியில்லை. பையை வைத்தார். கேட்டார். கார் சும்மா நின்றது. குரலை உயர்த்திக் கேட்டார். அதற்கும் சும்மா நின்றது. சமஸ்கிருதத்தில் கேட்டார். ஜெர்மன் காருக்கு அது விளங்கவில்லை போலிருக்கிறது.

"வாகனம் மௌன விரதத்தில் இருக்கிறது" என்றார், நெற்றியைத் துடைத்துக்கொண்டே.

"நான் கலைச்சுப் பாக்குறேன்" என்று ரஞ்சிதம் பையை எடுத்தாள். பதினோரு வருஷம் பாக்கெட் தடவிய விரல்கள். அரை நொடியில் பிடிபட்டுவிட்டது.

"காரே, நீ முன்னாடி அடிபட்ட காரா?"

பீப்.

கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. ஸ்ரீராமின் முகம் சாம்பல் பூத்தது.

"ஒட்டுப் போட்டு மேல பெயிண்ட் அடிச்சாங்களா?"

பீப்.

"இந்தச் சாமிக்குக் கடையில பங்கு உண்டா?"

பீப், பீப்.

சித்தரின் செந்தமிழ் அந்த நிமிஷமே செத்துப்போனது. "பாஸ், பையக் குடுக்கச் சொல்லுங்க லா" என்றார் ஸ்ரீராமிடம்.

இதோடு கூட்டத்துக்குப் புத்தி வந்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை. நகைக்கடைக்காரர் பொத்தென்று ரஞ்சிதத்தின் காலில் விழுந்தார். "தாயே, சக்தி உங்ககிட்ட வந்துருச்சு. என் காரையும் கேளுங்க." அவருக்குப் பின்னால் வக்கீல் வரிசையில் நின்றார்.

ரஞ்சிதத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. காரைப் பார்த்துத் திரும்பினாள்.

"நீ கப்பலா?"

பீப்.

"நீ இட்டிலியா?"

பீப்.

"எந்திரிங்க சார். இட்டிலின்னும் ஒத்துக்குது. சட்னி வாங்கிட்டு வர்றீங்களா?"

பையை அவிழ்த்து பானெட்டில் கொட்டினாள். கொஞ்சம் சாம்பல், ரெண்டு கிராம்பு, ஒரு கார் சாவி.

"டாக்டர் தொலைச்ச சாவி இதானா?"

ஸ்ரீராம் வாயைத் திறந்தார், மூடினார். கார்கூட அவரைவிட நன்றாகப் பேசியது.

"அப்ப இது அடிபட்ட காரா, இல்லையா?" என்று துவாஸ் இளைஞர் ஒருவர் கேட்டார். அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் கேட்கப்பட்ட முதல் நல்ல கேள்வி அது.

"எனக்கு எப்படிப்பா தெரியும்? காருக்கும் சொல்லத் தெரியாது. லிஃப்ட்ல ஏத்திக் கீழ பாத்தாத்தான் தெரியும்."

ரகுபதி கைப்பேசியைப் பார்த்தார். இன்னும் ஒரு தட்டுத் தட்டியிருந்தால் எட்டு வருஷம் போயிருக்கும். அவமானத்தில் காது சுட்டது. கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஸ்ரீராமிடம் வந்தார். "இப்பவே ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துட்டுப் போலாமா?"

"நாடி அறுந்துரும் சார்" என்றார் ஸ்ரீராம். குரல் எலுமிச்சம்பழ அளவுகூட இல்லை.

"அறுந்தா நான் கட்டிக்கிறேன். சாவியக் குடுங்க."

ஸ்ரீராம் பானெட்டில் கிடந்த சாவியையும் எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். அதைவிடத் தெளிவான பதில் எந்தக் காரும் சொல்லியிருக்க முடியாது.

காணிக்கையைத் திருப்பிக் கேட்டுக் கூட்டம் இரைந்தபோது சித்தரைக் காணோம். சுற்றி இருபது கார் நின்றும் ஒன்றையும் எடுத்து ஓட்டத் தெரியாமல், பஸ் ஸ்டாப்புக்கு ஓடியிருந்தார்.

ரகுபதி லீஸை ஒரு மாதம் நீட்டிக்கொண்டார். அலீம் பாய் இரண்டு கார்களை லிஃப்டில் ஏற்றி, வேண்டாம் என்று இறக்கினார். மூன்றாவதன் அடியில் அரைமணி நேரம் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இத எடுக்கலாம்" என்றார். கொஞ்சம் மங்கிய சாம்பல் நிறம். கேட்டால் ஒன்றும் பேசாது. சாவியைத் திருப்பினால் மட்டும் ஓடும்.

நகைக்கடைக்காரர் இப்போது பாசிர் ரிஸில் ஒருவரிடம் போகிறாராம். அங்கே குளிர்சாதனப் பெட்டி குறி சொல்கிறதாம். போகட்டும். உங்களுக்கு மட்டும் ஒன்று சொல்லி வைக்கிறேன்: எங்கே எது அதிசயமாகப் பேசினாலும் சரி, கையெடுத்துக் கும்பிடுவதற்கு முன்னால், சாவி யார் கையில் இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.